ஹேட்ஃபீல்டு விமானத் திடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்கு வடக்கே சுமார் முப்பது கிலோமீட்டரில் இருக்கிறது ஹேட்ஃபீல்டு. இங்குள்ள பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வரும் நம் ஊர்ப் பிள்ளைகளை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வந்து வீடு பார்த்துக் கொடுப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். முதல் வாரத்தில் எல்லோரும் கேட்பது வாடகையையும் அரிசிக் கடையையும் பற்றித்தான். இரண்டாம் வாரத்தில் சாலைப் பெயர்களைக் கவனிக்கத் தொடங்குவார்கள். அதன் பிறகு வரும் கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அண்ணா, "மஸ்கிட்டோ வே" என்று ஒரு சாலை இருக்கிறதே, இந்த ஊரில் அவ்வளவு கொசுவா?

இல்லை. மஸ்கிட்டோ என்பது இரண்டாம் உலகப் போரில் பறந்த ஒரு விமானத்தின் பெயர். அது முதன்முதலில் தரையை விட்டு எழுந்தது இந்த ஊரில்தான். ஜிப்ஸி மாத் அவென்யூ, காமெட் வே என்று நீங்கள் பஸ்ஸில் கடந்து போகும் பெயர்கள் எல்லாமே விமானப் பெயர்கள். நீங்கள் குடியிருக்கும் வீடு, வேலைக்குப் போகும் கிடங்கு, வகுப்புக்குப் போகும் கட்டடம் ஆகியவற்றில் பெரும்பாலானவை பழைய விமானத் திடலின் மேல்தான் நிற்கின்றன.

அப்படியானால் இங்கே விமான நிலையம் இருந்ததா? டிக்கெட் வாங்கிப் பயணம் போகலாமா?

பயணிகள் நிலையம் அன்று. டி ஹாவிலண்ட் என்ற நிறுவனத்துக்குச் சொந்தமான தனியார் திடல் அது. விமானத்தை வடிவமைத்து, செய்து, அங்கேயே பறக்கவிட்டுச் சோதித்து, வாங்கியவரிடம் ஒப்படைப்பார்கள். பறக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளியும் அங்கேயே இருந்தது.

ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் 1920-ல் இந்த நிறுவனத்தை ஆரம்பித்தபோது இடம் லண்டனின் வடமேற்கு ஓரத்தில் இருந்த ஸ்டாக் லேன். பத்து ஆண்டுகளுக்குள் லண்டன் நகரம் வளர்ந்து, அந்தத் திடலைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன. அதனால் 1930-ல் ஹேட்ஃபீல்டில் பண்ணை நிலத்தை வாங்கினார்கள். முதலில் வந்தவை பறக்கும் கழகமும் பயிற்சிப் பள்ளியும். 1934-ல் தொழிற்சாலையே இடம்பெயர்ந்தது. ஸ்டாக் லேன் திடல் வீட்டுமனை ஆயிற்று. அறுபது ஆண்டு கழித்து ஹேட்ஃபீல்டுக்கும் அதே கதி வந்ததை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கும்.

ஓடுதளமே இல்லாமல் புல்லில் எப்படி விமானத்தை ஓட்டினார்கள்?

அந்தக் காலத்து விமானங்களுக்குப் புல்தான் வசதி. இலேசான விமானம் காற்றுக்கு எதிர்முகமாக ஓடினால் விரைவில் மேலே எழும். பக்கவாட்டுக் காற்று அடித்தால் தடுமாறும். தார் போட்ட ஓடுதளம் ஒரு திசையை மட்டுமே காட்டும். விரிந்த புல்வெளியிலோ, அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் திரும்பி ஓடலாம். காற்றின் திசையைக் காட்டும் துணிக்குழாயைப் பார்த்துவிட்டு விமானி தன் பாதையைத் தானே வகுத்துக்கொள்வார்.

இன்னொரு காரணமும் உண்டு. டி ஹாவிலண்டின் ஆரம்ப கால மாத் வகைச் சிறு விமானங்களின் வால் பக்கத்தில் சக்கரம் கிடையாது. ஒரு சிறு சறுக்குக் கட்டைதான். பிரேக்கும் கிடையாது. இறங்கியதும் அந்தக் கட்டை புல்லைக் கீறிக்கொண்டு போகும். அந்த உராய்வில்தான் விமானம் நிற்கும். மழை பெய்து திடல் சேறானால் சிரமம்தான். ஆனாலும் இலேசான விமானங்களைப் புல் தாங்கியது. கனம் கூடக் கூட என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மாத், ஜிப்ஸி மாத், டைகர் மாத், புஸ் மாத்... ஏன் எல்லாம் அந்துப்பூச்சிப் பெயர்?

ஜெஃப்ரி டி ஹாவிலண்டுக்குப் பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சிகளைப் பற்றி ஆராய்வதில் பெரிய ஈடுபாடு. 1925-ல் ஸ்டாக் லேனில் பறந்த சிறிய இரட்டையடுக்கு இறக்கை விமானத்தின் இறக்கைகளைப் பின்பக்கமாக மடித்து வைக்கலாம். பூச்சி இறக்கையை மடக்கி உட்காருவது போல. அதற்கு மாத் என்று பெயர் வைத்தார். அந்த வரிசை அப்படியே நீண்டது.

நமக்கும் இந்தப் பூச்சிகளுக்கும் உறவு உண்டு. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது டி ஹாவிலண்டின் புஸ் மாத் விமானத்தில். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக அந்தத் தபாலைச் சென்னைக்குக் கொண்டுசேர்த்தவர் நெவில் வின்சென்ட். பிறகு ஏர் இந்தியாவாக வளர்ந்த சேவையின் முதல் நாள் அது. புஸ் மாத் உருவானது ஹேட்ஃபீல்டில் அன்று, ஸ்டாக் லேனில். நம் ஆட்கள் இதை அடிக்கடி மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். இந்திய விமானப்படையில் பல தலைமுறை விமானிகள் டைகர் மாத்தில்தான் பறக்கக் கற்றார்கள். பெங்களூர் எச்.ஏ.எல். நிறுவனத்தின் எச்.டி.2 பயிற்சி விமானம் வந்த பிறகே அது விடைபெற்றது.

காமெட் என்பது பந்தய விமானமா, பயணிகள் விமானமா? ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் வேறு சொல்கிறார்.

இருவர் சொல்வதும் சரி. ஒரே பெயரில் இரண்டு விமானங்கள். முதல் காமெட் 1934-ல் இங்கிலாந்திலிருந்து மெல்போர்ன் வரை நடந்த பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட டி.எச். 88. இரண்டு எஞ்சின், மரத்தால் ஆன மெல்லிய உடல். ஹேட்ஃபீல்டில் செப்டம்பர் 8 அன்று முதல் பறப்பு. அக்டோபர் 20 அன்று பந்தயம். இடையில் ஆறு வாரம்தான். ஸ்காட், கேம்பெல் பிளாக் இருவரும் ஓட்டிய சிவப்பு விமானம் ஏறத்தாழ 71 மணி நேரத்தில் மெல்போர்ன் சேர்ந்து வென்றது.

அந்தப் பந்தயத்தில் கட்டாயமாக இறங்கவேண்டிய ஊர்களில் ஒன்று நம் அலகாபாத். ஜிம் மோலிசன், ஏமி ஜான்சன் தம்பதி ஓட்டிய கறுப்புக் காமெட் வழிதவறி ஜபல்பூரில் இறங்கியது. விமானத்துக்கேற்ற பெட்ரோல் அங்கே கிடைக்கவில்லை. உள்ளூர் பஸ் கம்பெனியிடம் பெட்ரோல் வாங்கி ஊற்றிக்கொண்டு கிளம்பினார்கள். எஞ்சின் கெட்டு, எப்படியோ அலகாபாத் வரை வந்து சேர்ந்து, அங்கேயே பந்தயத்தை விட்டு விலகினார்கள். இரண்டாவது காமெட், உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். அதற்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது.

போர் விமானத்தைப் போய் மரத்திலா செய்தார்கள்? நம்பவே முடியவில்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்தான் எனக்கு அதிக விருப்பம். போர்க்காலத்தில் அலுமினியத்துக்குக் கடும் தட்டுப்பாடு. மரவேலை தெரிந்தவர்களோ நாடெங்கும் இருந்தார்கள்: நாற்காலி, அலமாரி, பியானோ செய்பவர்கள். டி ஹாவிலண்டுக்கு மரம் கைவந்த பொருள். 1937-ல் பறந்த அவர்களுடைய ஆல்பட்ராஸ் பயணிகள் விமானத்தின் உடல், ஒட்டுப்பலகைக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து ஒட்டிச் செய்தது. அந்த முறையை மஸ்கிட்டோவில் முழுமையாக்கினார்கள்.

குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். வெளியே பிர்ச் மர ஒட்டுப்பலகை, கனத்தில் ஒரு நாணயம் அளவு. நடுவே அரை அங்குலத்துக்கும் குறைவாகப் பால்சா. நகத்தால் அழுத்தினாலே குழி விழும் மென்மையான மரம். உள்ளே மறுபடி பிர்ச். தனித்தனியாக எதற்கும் பலமில்லை. பசையால் ஒன்றானதும் அது வளையாது, எடையும் ஏறாது. அவரைக்காயைப் பிளந்தது போல உடலை இடம், வலம் என்று இரண்டு பாதிகளாக அச்சின் மேல் ஒட்டி உருவாக்குவார்கள். கம்பிகளையும் குழாய்களையும் திறந்த பாதிகளுக்குள் வசதியாகப் பொருத்திவிட்டு, கடைசியில் இரண்டையும் சேர்த்து ஒட்டுவார்கள்.

துப்பாக்கி இல்லாமல், வேகத்தையே காவலாக நம்பிப் பறக்கும் குண்டுவீச்சு விமானம் என்ற யோசனையை அரசு அதிகாரிகள் பலர் ஏற்கவில்லை. ஏர் மார்ஷல் வில்ஃபிரிட் ஃப்ரீமன் ஒருவரே உறுதியாகத் துணை நின்றார். 1939 அக்டோபரில் வடிவமைப்புக் குழு ஹேட்ஃபீல்டை விட்டுச் சில மைல் தள்ளி இருந்த சாலிஸ்பரி ஹால் என்ற அகழி சூழ்ந்த பழைய மாளிகைக்கு மாறியது. தானியக் களஞ்சியம் போல வேடமிட்ட கொட்டகையில் முதல் விமானம் உருவானது. அதைச் சாலை வழியாக ஹேட்ஃபீல்டுக்குக் கொண்டுவந்து 1940 நவம்பர் 25 அன்று பறக்கவிட்டவர் ஜெஃப்ரியின் மகன், இளைய ஜெஃப்ரி. சோதனையில் மணிக்கு சுமார் 630 கிலோமீட்டர் வேகம் போனது. அன்றைய ஸ்பிட்ஃபயர் சண்டை விமானத்தையே முந்தியது. மொத்தம் 7,781 மஸ்கிட்டோக்கள் செய்யப்பட்டன.

அந்த மரப் பசை நம் நாட்டு வெயிலில் விட்டுவிட்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மை இருக்கிறது, முழு உண்மை அன்று. 1944-ன் இறுதியில் இந்தியாவில் இருந்த மஸ்கிட்டோக்களில் சில பறக்கும்போதே உடைந்தன. அங்கிருந்த விமானங்களை நிறுத்திவைத்துச் சோதித்தார்கள். தொடக்கத்தில் பயன்படுத்திய கேசின் பசை பாலின் புரதத்திலிருந்து கிடைப்பது. ஈரமும் சூடும் மாறி மாறி வந்தால் அது தாங்காது; பூஞ்சையும் பிடிக்கும்.

ஆனால் பழியை வெயில் மேல் மட்டும் போடுவது சரியன்று என்பது என் எண்ணம். உடைந்த பாகங்களில் இணைப்புகள் சரியாகப் படியாமல் இடைவெளி விட்டிருந்ததும் தெரியவந்தது. அது தட்பவெப்பத்தால் வந்ததன்று, செய்த இடத்திலேயே நேர்ந்த குறை. கேசினுக்குப் பதிலாக ஃபார்மால்டிஹைடு வகைச் செயற்கைப் பசை வந்த பிறகு நிலைமை மேம்பட்டது.

போரில் இங்கே குண்டு விழுந்ததா?

விழுந்தது. 1940 அக்டோபர் 3 காலை, மேகம் தாழ்ந்து மழை பெய்துகொண்டிருந்தது. வழி தப்பி வந்த ஒரு ஜெர்மானிய யுங்கர்ஸ் 88 விமானம் மிகத் தாழப் பறந்து நான்கு குண்டுகளைப் போட்டது. தரையில் பட்டுத் துள்ளிய குண்டுகள் "94-ஆம் பட்டறை" என்ற கட்டடத்துக்குள் புகுந்தன. 21 பேர் இறந்தார்கள், 70 பேர் காயமடைந்தார்கள். தரையிலிருந்து சுட்டதில் அந்த விமானமும் பக்கத்திலேயே விழுந்தது.

மஸ்கிட்டோவுக்காகச் சேர்த்து வைத்திருந்த பொருள்களில் பெரும்பகுதி அந்தப் பட்டறையில்தான் இருந்தது, எல்லாம் போயிற்று. முதல் விமானம் மேலே சொன்ன கொட்டகையில் இருந்ததால் பிழைத்தது. அது பறந்த தேதியை மறுபடி பாருங்கள்: குண்டு விழுந்து எட்டு வாரம்கூட ஆகவில்லை. உடன் வேலை செய்தவர்களை அடக்கம் செய்துவிட்டு வந்து அதே கைகளால் பசை பூசியிருக்கிறார்கள். மஸ்கிட்டோ வேயில் நடக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர்கள் அந்த 21 பேர்தான்.

ஜெர்மானிய உளவாளி ஒருவன் ஆலையைத் தகர்த்தான் என்று படித்தேன். அது இதே சம்பவமா?

இல்லை, அது 1943 ஜனவரி. எடி சாப்மன் என்ற பெட்டகம் உடைக்கும் திருடன் ஜெர்மானியரிடம் பயிற்சி பெற்று, மஸ்கிட்டோ ஆலையின் மின் நிலையத்தைத் தகர்க்க பாராசூட்டில் வந்து இறங்கினான். இறங்கியதும் பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்.ஐ.5-இடம் தன்னை ஒப்படைத்துவிட்டான். அவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ஜிக்ஜாக்.

ஆலை தகர்ந்தது போல ஒரு நாடகம் போட்டார்கள். உடைந்த மின்மாற்றிகள் போல வண்ணம் தீட்டிய துணிகளை விரித்து, சிதறிய துண்டுகளைச் சுற்றிலும் போட்டு, மேலிருந்து படம் எடுக்கும் விமானத்தை ஏமாற்றினார்கள். செய்தித்தாளில் வெடிவிபத்துச் செய்தியும் வந்தது. ஜெர்மானியர் நம்பினார்கள், அவனுக்கு இரும்புச் சிலுவைப் பதக்கமே கொடுத்தார்கள். ஆலையில் ஒரு ஆணிகூட அசையவில்லை.

அப்புறம் அந்தப் புல் எப்போது போயிற்று?

1947-ல். உலகப் போர் முழுவதும் ஹேட்ஃபீல்டு புல்திடலாகவே இருந்தது என்பதைப் பலர் நம்புவதில்லை. 1943 செப்டம்பர் 20 அன்று வாம்பயர் ஜெட் போர் விமானத்தின் முதல் பறப்பும் இந்தப் புல்லிலிருந்துதான். அதன் உடலின் முன்பகுதியும் மஸ்கிட்டோ முறையிலேயே பிர்ச், பால்சா வைத்து ஒட்டியது. மரத்தில் ஒரு ஜெட்! பெங்களூர் எச்.ஏ.எல். உரிமம் பெற்று வாம்பயரைச் செய்தது; இந்திய விமானப்படையின் முதல் ஜெட் அதுதான்.

ஆனால் அடுத்து அவர்கள் திட்டமிட்ட ஜெட் பயணிகள் விமானம் பல மடங்கு கனமானது. அது நீண்ட தூரம் ஓடித்தான் எழும். அந்தப் பாரத்தில் சக்கரம் ஈர மண்ணில் இறங்கிவிடும். பக்கவாட்டுக் காற்றை அது ஓரளவு சமாளிக்கும் என்பதால் எல்லாத் திசையிலும் ஓட இடம் தேவையில்லை. ஒரே திசையில் நீளமும் உறுதியும்தான் வேண்டும். மேலே புல்லுக்குச் சொன்ன நியாயங்கள் ஒவ்வொன்றாக இப்படித்தான் விழுந்தன.

டி ஹாவிலண்டின் மகன் இறந்தது இங்கேதானா?

அவருக்கு மூன்று மகன்கள். இருவரை விமானத்துக்கே கொடுத்தார். இளையவர் ஜான் 1943 ஆகஸ்டில், இரண்டு மஸ்கிட்டோக்கள் வானில் மோதியதில் இறந்தார். மஸ்கிட்டோவையும் வாம்பயரையும் முதலில் பறக்கவிட்ட இளைய ஜெஃப்ரி 1946 செப்டம்பர் 27 அன்று வாலில்லாத டி.எச். 108 விமானத்தில் ஹேட்ஃபீல்டிலிருந்து கிளம்பினார். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது அது தேம்ஸ் கழிமுகத்தின் மேல் சிதறியது. தலைமைச் சோதனை விமானியாக அடுத்து வந்தவர் ஜான் கன்னிங்ஹாம்.

சதுர ஜன்னல் வைத்ததால்தான் காமெட் விழுந்தது, சரிதானே?

பொறியியல் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் கேட்கும் கேள்வி. பாடப்புத்தகம் சுருக்கிச் சொல்வதால் வந்த குழப்பம். ஜெட் காமெட் 1949 ஜூலை 27 அன்று கன்னிங்ஹாம் ஓட்ட ஹேட்ஃபீல்டிலிருந்து எழுந்தது. 1952 மே 2 அன்று லண்டன்-ஜோகன்னஸ்பர்க் சேவை தொடங்கியது. அதே ஆகஸ்டில் கொழும்புக்கும் காமெட் வந்துவிட்டது. சரியாக ஓராண்டு நிறைவில், 1953 மே 2 அன்று, கல்கத்தாவிலிருந்து கிளம்பிய காமெட் இடிமழையில் சிதறி 43 பேர் இறந்தார்கள். 1954 ஜனவரியில் இத்தாலியின் எல்பா தீவருகே ஒன்று விழுந்தது, ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று.

ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் ஒரு காமெட்டின் உடலைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது ஏறி இறங்கும் காற்றழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். முன்பு பறந்ததையும் சேர்த்து 3,057-ஆவது முறையில் உலோகம் கிழிந்தது. உலோகச் சோர்வு என்பது அதுதான்: ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் ஒடிகிறதே, அதே கதை. எல்பா விமானத்தைக் கடலடியிலிருந்து எடுத்துப் பொருத்திப் பார்த்தபோது, விரிசல் தொடங்கியது பயணிகள் ஜன்னலில் இல்லை. கூரையில், திசைகாட்டும் வானொலியின் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையில். ஜன்னல்களும் முழுச் சதுரம் அல்ல, மூலை மழுங்கியவைதான். திறப்புகளின் மூலையிலும் ஆணித்துளைகளைச் சுற்றியும் இழுவிசை கணக்கிட்டதைவிட மிக அதிகமாகக் குவிந்தது என்பதே சரியான பதில். கல்கத்தா விபத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது புயலில் சிக்கி உடைந்ததாகவே விசாரணையில் முடிவானது.

இவ்வளவு பெயர் பெற்ற ஆலையை ஏன் மூடினார்கள்?

ஒரே காரணம் இல்லை. திருத்திய காமெட் 4 வந்து 1958-ல் அட்லாண்டிக்கைக் கடந்தபோது அதற்குப் போட்டியான அமெரிக்க போயிங் 707 வாசலில் நின்றது. 1962-ல் இங்கே பறந்த டிரைடன்ட் பயணிகள் விமானத்தை ஒரே ஒரு விமானச் சேவை நிறுவனத்தின் விருப்பத்துக்காகச் சிறிதாக்கினார்கள். 117 மட்டுமே விற்றது. அதே அமைப்பில் வந்த போயிங் 727 ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் விற்றது. என்னைக் கேட்டால் ஹேட்ஃபீல்டின் கதி அன்றே பாதி எழுதப்பட்டுவிட்டது.

1960-ல் ஹாக்கர் சிட்லி டி ஹாவிலண்டை வாங்கியது. 1977-ல் எல்லாம் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் ஆயிற்று. 1981-ல் பறந்த பி.ஏ.இ. 146 பயணிகள் விமானம் கடைசிப் பிள்ளை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொருளாதார மந்தநிலை வந்தபோது அதன் வேலையை வடக்கே உட்ஃபோர்டுக்கு மாற்றிவிட்டு 1993-ல் இங்கே மூடினார்கள். லண்டனுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நிலத்தின் விலையும் ஒரு காரணம்.

பல்கலைக்கழகத்தில் "டி ஹாவிலண்ட் வளாகம்" இருக்கிறதே, மூடியபோது ஆலையை வாங்கிக்கொண்டார்களா?

அந்த வளாகம் 2003-ல் பழைய ஆலை நிலத்தில் திறந்தது, சரி. ஆனால் உறவு அதற்கும் ஐம்பது ஆண்டு மூத்தது. பல்கலைக்கழகத்தின் ஆதி வடிவமான தொழில்நுட்பக் கல்லூரி 1952-ல் தொடங்கியது; அதற்கு நிலம் கொடுத்தவர் டி ஹாவிலண்ட் தலைவராக இருந்த ஆலன் பட்லர். பட்டறைக்குப் படித்த கைகள் வேண்டியிருந்தன. கடல் கடந்து நீங்கள் வந்து உட்காரும் வகுப்பறைக்கு வித்து அங்கே விழுந்தது.

ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது. என்ன காட்டலாம்?

காலையில் காமெட் ஹோட்டல். 1930-களில் கட்டியது, மேலிருந்து பார்த்தால் விமான வடிவம். முன்னால் சிற்பி எரிக் கென்னிங்டன் செதுக்கிய தூண் மேல் சிவப்புப் பந்தய காமெட்டின் மாதிரி நிற்கும். அங்கிருந்து வணிகப் பூங்காவுக்குள் நடந்தால் ஐம்பதுகளில் எழுந்த மாபெரும் அலுமினிய ஹேங்கர், அதாவது விமானக் கொட்டகை, வரும். இப்போது அது உடற்பயிற்சிக் கூடம். கட்டுப்பாட்டுக் கோபுரம் பக்கத்திலேயே ஒட்டி நிற்கிறது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால்தான் தப்பியது.

மதியம் சாலிஸ்பரி ஹால் பக்கம் போங்கள். அங்கே டி ஹாவிலண்ட் விமான அருங்காட்சியகம் இருக்கிறது; திறக்கும் நாள்களை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். 1940 நவம்பரில் பறந்த அதே முதல் மஸ்கிட்டோ, அடிப்புறம் மஞ்சள் வண்ணத்தோடு, பிறந்த இடத்திலேயே நிற்கிறது. தச்சு வேலை தெரிந்த என் மாமாவை ஒருமுறை கூட்டிப் போயிருந்தேன். எல்லோரும் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் குனிந்து நின்று, இணைப்பு எங்கே என்று வெகுநேரம் தேடினார்.

புல் கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது. திடலின் மேற்குப் பகுதி எலன்புரூக் ஃபீல்ட்ஸ் என்ற திறந்தவெளி. ஓடுதளத்தைப் பெயர்த்தெடுத்த இடத்தில் மறுபடி புல் மண்டியிருக்கிறது. அதன் அடியில் உள்ள சரளைக்காகக் குவாரி தோண்டுவதா வேண்டாமா என்று பல ஆண்டுகள் வழக்காடியிருக்கிறார்கள். தோண்டக் கூடாது என்று கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். புல்லிலிருந்து விமானம் எழுவதையே பார்க்க வேண்டுமானால் பெட்ஃபோர்டுஷயரில் ஓல்டு வார்டன் திடலுக்குப் போக வேண்டும். 1934 பந்தயத்தில் வென்ற அந்தச் சிவப்பு காமெட் இருப்பது அங்கேதான். மாலையில் எலன்புரூக் போகிறவர்கள் காலணியைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்; மழைக்காலத்தில் இன்றும் அங்கே கால் புதையும்.